கல்வி மசோதாவின் வயிற்றில் குதிரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன். இடது கையைச் சட்டப் புத்தகத்தின் மேல் வைக்கத்தான் ஆசை. அது கிடைக்காததால் பழைய தொலைபேசி எண் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் ஹவாயின் பெரிய தீவுக்கு வந்து, கிழக்குப் பக்கச் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, புலேனா எங்கே என்று கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் சிரித்தால் அது நம் ஊர் மரியாதை, வேறொன்றும் இல்லை.

புலேனா தொடக்கப் பள்ளியின் மூன்றாம் கட்டடத்தைக் கறையான் தின்றுகொண்டிருக்கிறது என்பது கிளேட்டன் மியாஷிரோவுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். அவர் அந்தப் பள்ளியின் பராமரிப்பாளர். பெருக்குவது, பூட்டுவது, திறப்பது, அடைத்துக்கொண்ட கழிப்பறையோடு மல்லுக்கு நிற்பது, கூரைமேல் போன பந்தை எடுத்துத் தருவது எல்லாம் அவர் வேலை. அவருக்கும் கறையானுக்கும் ஒரு பேசாத ஒப்பந்தம் இருந்தது. அவர் ஒரு துளையை அடைப்பார். மறுநாள் அவை பக்கத்தில் வேறொன்று போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு ஜனவரியிலும் கல்வித் துறைக்குக் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு மார்ச்சிலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். இருபத்தாறு பதில்களையும் ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியையும் கறையான் பரிசீலித்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலர் வகுப்பு ஆசிரியை மிஸ் ஒகிமோட்டோ பலகையில் ஐந்து என்ற எண்ணை எழுதக் காலை ஊன்றியபோது தரை உள்ளே போயிற்று. இடுப்புவரை இறங்கி நின்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள், அதுவும் பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். வகுப்பை ஆசிரியர் இல்லாமல் விடக் கூடாது என்பது விதியாதலால் மிஸ் ஒகிமோட்டோ அங்கிருந்தபடியே ஒன்பதுவரை எழுதி முடித்தார். இடைவேளை மணி அடித்த பிறகுதான் கிளேட்டன் அவரைத் தூக்கி எடுத்தார்.

துறையின் பொறியாளர் வந்தார். கட்டடத்துக்குள் வராமல் வெளியே நின்றே பார்த்தார். ஆகஸ்டுக்குள் புதுக் கட்டடம் எழும்பாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, அறுபத்தொரு பிள்ளைகளையும் நாற்பத்திரண்டு மைல் தள்ளி நகரத்துப் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்புவது என்று எழுதினார்.

“நாப்பத்திரண்டு மைலா? அப்ப காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று கிளேட்டன் கேட்டார்.

“அஞ்சே முக்கால்.”

“ஆறு வயசுப் பிள்ளைங்கய்யா. அந்நேரத்துக்கு எங்க சேவலே எழுந்திருக்காது.”

“சேவல் எங்க துறைல வராது,” என்றார் பொறியாளர்.

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு மசோதா கொண்டுவந்தார். தலைப்பு, ‘கல்வி தொடர்பாக’. உள்ளே மொத்தம் ஒன்பது வரி: புலேனா பள்ளிக்குக் கறையான் அரிக்காத ஒரு கட்டடம், அதற்குப் பதினோரு லட்சம் டாலர். வேறொரு தீவில் இருக்கும் தலைநகரில் குழு விசாரணை வெள்ளிக்கிழமை. யாராவது போய்ப் பேச வேண்டும்.

தலைமையாசிரியை பெர்னடெட் கமாரா கிளேட்டனைக் கூப்பிட்டார். “நான் பேச முடியாது, கிளேட்டன். துறை ஊழியர் யாரும் அனுமதி இல்லாம மசோதா பத்திப் பேசக் கூடாதுன்னு சுற்றறிக்கை. அனுமதி வாங்க தொண்ணூறு நாள் ஆகும்.”

“நானும் துறை ஊழியர்தானே?”

“சுற்றறிக்கைல தலைமையாசிரியர், ஆசிரியர், நூலகர், சமையல்காரர் எல்லாம் போட்டிருக்கு. பராமரிப்பாளரைப் போடலை.”

“ஏன் விட்டாங்க?”

“நீங்க பேசுவீங்கன்னு யாருக்கும் தோணலை போல.”

“எனக்கே தோணலையே. என் கல்யாணத்துலகூட என் தம்பிதான் பேசினான்.”

“ரெண்டே நிமிஷம். தரை உள்ள போச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

கிளேட்டன் ஒத்துக்கொண்டார். அவர் மனைவி லொரெய்ன் அதைக் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்தாள். “பெரிய மனுஷங்க இருக்கிற இடத்துக்கு வெறுங்கையை வீசிட்டா போவீங்க? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்று அரிசிமாவில் செய்யும் வெண்ணெய் மோச்சி எட்டுத் தட்டு சுட்டு, துண்டு போட்டு, தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். எங்கள் தீவுகளில் சாவு வீட்டுக்கும் பல் மருத்துவரிடமும்கூட யாரும் வெறுங்கையோடு போவதில்லை. பின்னால் வந்த வினையெல்லாம் அந்த மோச்சியில்தான் தொடங்கியது.

விசாரணை அறை வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் டாரின் என்று பெயர்ப் பட்டை குத்திய எழுத்தர்.

“அங்கிள், பெட்டிக்குள்ள என்ன?”

“மோச்சி. எல்லாருக்கும்.”

“எந்த மசோதா விஷயமா வந்திருக்கீங்க?”

கிளேட்டன் எண்ணைச் சொன்னார். டாரின் முகம் வாடியது. “ஒரு மசோதா விஷயமா வந்து குழுவுக்குத் தின்பண்டம் குடுத்தா, சட்டப்படி நீங்க செல்வாக்குச் செலுத்தற ஆள். பதிவு பண்ணணும். பதினாலு பக்கம்.”

“அப்ப மோச்சியைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடறேன்.”

டாரின் திரும்பிப் பார்த்தான். இரண்டு செனட்டர்களும் ஓர் ஆலோசகரும் பெட்டியைத் திறந்து ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தார்கள். “அந்தக் கட்டம் தாண்டிடுச்சு, அங்கிள்.”

அப்படித்தான் கிளேட்டன் மியாஷிரோ அந்த மசோதாவின் எண்ணுக்குப் பதிவு பெற்ற பிரதிநிதி ஆனார். படத்தோடு ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார்.

குழுத் தலைவர் செனட்டர் ஹார்லன் பாச்சேகோ வந்து உட்கார்ந்தார். காதுவரை மாலை. மாலைகளின் உச்சியில் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. குரல் பூக்களுக்குள்ளிருந்து வந்தது.

“பிள்ளைங்கதான் நம்ம எதிர்காலம். எதிர்காலத்துல போய் அவசரப்பட்டு இன்னிக்கே கை வெச்சிடக் கூடாது. இந்தப் பொறுப்பு எனக்கு இருபத்திரண்டு வருஷமா இருக்கு. இதுவரைக்கும் கை வெச்சதில்லை.”

பிறகு திருத்தம் ஒன்று படித்தார்கள். பதினோரு லட்சம் என்ற எண்ணை அழித்துவிட்டு அங்கே ஒரு கோடு. காரணத்தைத் தலைவரே விளக்கினார். “எண் போட்டா எல்லாரும் எண்ணைப் பத்தியே பேசுவாங்க. காலியா விட்டாத்தான் கொள்கையைப் பத்திப் பேச முடியும். காலி இடத்தை எதிர்த்து இதுவரைக்கும் யாரும் ஓட்டுப் போட்டதில்லை.”

கிளேட்டனின் முறை வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அவருக்கு முன்னால் நாற்பத்தாறு பேர். அதில் பாதிப் பேர் கடல் தாண்டிப் பறந்து வந்து, எழுந்து நின்று, “எழுதிக் கொடுத்ததே போதும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, திரும்பப் பறந்து போனார்கள்.

“தலைவர் அவர்களே, தரை உள்ள போச்சு,” என்றார் கிளேட்டன். பிறகு இருபத்தாறு வருஷக் கறையானைச் சொல்லத் தொடங்கி, மூன்றாவது வருஷத்தில் இருந்தபோது மணி அடித்தது.

“நன்றி. மனசைத் தொட்டுட்டீங்க. மோச்சி யார் பண்ணினது?”

“என் வீட்டுக்காரிங்க.”

“பதிவுல ஏத்திக்குங்க,” என்றார் தலைவர். மசோதா குழுவில் ஒருமனதாக நிறைவேறியது.

கிளேட்டன் ஊருக்கு வந்து சொன்னார். பள்ளியில் கொண்டாட்டம். பெர்னடெட் மட்டும், “எவ்வளவுன்னு போட்டிருக்காங்க?” என்று கேட்டார்.

“கோடு போட்டிருக்காங்க.”

“நீளமாவா?”

“நல்ல நீளம்.”

மூன்று வாரம் கழித்து, பதிவு பெற்ற பிரதிநிதி என்ற முறையில் கிளேட்டனுக்கு மசோதாவின் புது வடிவம் தபாலில் வந்தது. ஒன்பது வரி போய் நூற்றுப் பதினெட்டுப் பக்கம் ஆகியிருந்தது. தலைப்பு அதே ‘கல்வி தொடர்பாக’. உள்ளே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை குதிரை. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்குவது, பந்தயத் திடல் கட்டுவது, பந்தயச் சீட்டு விற்பது, தோற்ற சீட்டைப் பொறுக்குவது. கிளேட்டன் கட்டடத்தைத் தேடினார். கறையானைத் தேடினார். பிறகு டாரினுக்குப் போன் போட்டார்.

“தம்பி, என் கட்டடம் எங்கே?”

“வயித்தைக் கீறி உள்ள இருந்ததை எடுத்துட்டு வேற வெச்சிருக்காங்க, அங்கிள். இங்க வழக்கம்தான். மீன் சுத்தம் பண்ற மாதிரி.”

“நாங்க மீனை அரிஞ்சா குடலை எடுத்துட்டு உள்ள குதிரையை வைக்கறதில்லையே.”

“தலைப்பு மாறலை பாருங்க. தலைப்பு மாறலைன்னா மசோதாவும் மாறலைன்னு அர்த்தம். இனிமே புது மசோதா கொண்டுவரக் கெடு முடிஞ்சு போச்சு. குதிரைக்காரங்க தாமதமா வந்தாங்க. ஏற்கெனவே உயிரோட இருக்கிற ஒரு மசோதா வேணும். உங்களோடது நல்லா கொழுகொழுன்னு காலியா இருந்துச்சு.”

“பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“நூத்திப் பதினோராம் பக்கம் பாருங்க. லாபத்துல மிச்சம்னு ஒண்ணு வந்தா, கல்விக்கு. உங்க கட்டடம் அதுக்குள்ள கருத்தளவுல இருக்கு.”

கிளேட்டன் போனைக் காதில் வைத்தபடியே நூற்றுப் பதினோராம் பக்கத்தைத் தேடினார். மறுமுனை எப்போதோ வைத்துவிட்டது.

இரண்டாவது விசாரணைக்கு அவர் தன் சொந்த விடுப்பில், சொந்தச் செலவில் போனார். மோச்சி கொண்டுபோகவில்லை. ஆனால் இந்தத் தடவை வாசலில் அவருக்காகவே ஓர் ஆள் நின்றான். முன்வரிசையில் உட்காரவைத்து ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தான். பதிவு மசோதாவின் எண்ணோடு ஒட்டியது. எண் குதிரைக்குப் போய்விட்டது. ஆகவே ஏட்டின்படி கிளேட்டன் மியாஷிரோ இப்போது குதிரைப் பந்தயத் தரப்பின் பிரதிநிதி. அதே அட்டை, அதே மூடிய கண்.

செனட்டர் பாச்சேகோ எழுந்தார். மாலை இந்தத் தடவை நெற்றிவரை இருந்தது.

“நான் சூதாட்டத்துக்கு எதிரி. நாப்பது வருஷமா எதிரி. எங்கப்பா சூதாடித்தான் எங்க கோழிக் கொட்டகை போச்சு. அதனால நான் சொன்னா நம்பணும். நம்ம ஜனங்க என்ன பண்றாங்க? வருஷத்துக்கு ரெண்டு தடவை லாஸ் வேகாஸுக்குப் பறக்கறாங்க. அங்க நம்ம ஊரு ஆட்கள் தங்கற ஓட்டல்ல காலைல மாட்டுவால் சூப் கிடைக்குது. இங்க கூட அந்த ருசி இல்லை. அங்க போய்த் தோக்கறாங்க. தோத்த பணத்துல எவன் பிள்ளை படிக்குது? பாலைவனத்துப் பிள்ளை படிக்குது! நம்ம ஜனங்க அழிஞ்சுதான் ஆகணும்னா, நம்ம மண்ணுலயே அழியட்டும். அந்த அழிவுல வர்ற வரி நம்ம பிள்ளைக்கு வரட்டும். இது பிள்ளைங்க மேல இருக்கிற பாசம்.”

கைதட்டல் எழுந்தது. கிளேட்டன் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் லொரெய்னும் ஒவ்வொரு அக்டோபரும் போகிறவர்கள்தான். போன அக்டோபர் சூப் வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர் செனட்டர் பாச்சேகோதானா என்று அவருக்கு இன்றுவரை உறுதி இல்லை. மாலை இல்லாமல் அடையாளம் தெரியவில்லை.

குழுவில் ஒரே ஓர் எதிர்ப்பு. செனட்டர் மேபல் நிஷிகாவா. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், எல்லாருக்கும் ஆன்ட்டி.

“பாவம் பாவம்தான்,” என்றார். “ஜனங்களுக்கு வெறி பிடிக்கறது எதால? வேகத்தால. குதிரை வேகமா ஓடறதாலதான் ஆசை வருது.”

“ஆன்ட்டி, என்ன திருத்தம் வேணும்?”

“மணிக்குப் பத்து மைலுக்கு மேல குதிரை ஓடக் கூடாது.”

“ஏற்றுக்கொள்ளப்பட்டது,” என்றார் தலைவர். எதிர்ப்பு தீர்ந்தது.

அடுத்து கென்டக்கியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர் பிரெஸ்டன் விக்லி. எங்கள் ஊர்ப் பூச்சட்டை போட்டிருந்தார். விலைச்சீட்டு இன்னும் அக்குளில் தொங்கியது. படம் ஒன்றை விரித்துக் காட்டினார். ஒரு குதிரைக்கு வருஷத்துக்கு ஆகும் செலவு, ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, இரண்டும் பக்கம் பக்கமாக.

“பாருங்க, பிள்ளை எவ்வளவு பின்தங்கியிருக்கு,” என்றார். “கவலை வேண்டாம். குதிரையை முன்னால விட்டா, பிள்ளை பின்னாலயே ஓடி வந்துடும்.”

“அடுத்து, குதிரைப் பந்தயத் தரப்பு, திரு. மியாஷிரோ,” என்று டாரின் கூப்பிட்டான்.

தலைவர் மணியைத் தள்ளி வைத்தார். “நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க, சார்.”

கிளேட்டனுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடைத்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. “எனக்குக் குதிரையே வேணாங்க,” என்றார். “கறையான் அரிக்காத ஒரு கட்டடம் வேணும். உள்ள இருக்கிற உயிருக்கு ஆபத்து. காலை வெச்சா தரை உள்ள போகுது. ஆகஸ்டுக்குள்ள வேணும். வேற ஒண்ணும் கேட்கலை.”

முதலில் எழுந்து கைதட்டியவர் விக்லி.

“இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தரப்பை நான் பார்த்ததில்லை! லாபத்தைக் கேட்கலை, திடலைக் கேட்கலை. முதல்ல லாயம் கேட்கறாங்க. குதிரையோட கால்! ஒரு பந்தயக் குதிரையோட கால் கறையான் தின்ன தரைல போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க!”

நினைத்துப் பார்த்தார்கள். செனட்டர் நிஷிகாவா கைக்குட்டையை எடுத்தார்.

“இல்லைங்க, நான் சொன்னது பிள்ளைங்க…” என்று கிளேட்டன் தொடங்கினார்.

“குதிரைங்களையே தன் பிள்ளைங்கன்னு சொல்றார்,” என்றார் தலைவர் தழுதழுத்த குரலில். “பதிவுல ஏத்திக்குங்க. புலேனாவில் அவசர லாயம், பன்னிரண்டு குதிரைக்கு. தொகை?”

“கோடு போடலாமா?” என்றான் டாரின்.

“குதிரை விஷயத்துல கோடு போடறதா? எண்ணைப் போடுப்பா. முப்பது லட்சம்.”

ஏப்ரலில் குழு கள ஆய்வுக்கு வந்தது. புலேனாவில் தட்டையான நிலம் பள்ளி மைதானம் ஒன்றுதான். பிள்ளைகள் வரிசையாக நின்று மாலை போட்டார்கள். விக்லி மைதானத்தை அளந்தார். அப்போது மூன்றாம் வகுப்பு ஓட்டப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை நிறுத்திவிட்டு, பின்னர் ஏதோ யோசித்து, ஒரு சிறுமியின் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

செனட்டர் பாச்சேகோவைக் கிளேட்டன் மூன்றாம் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். தரையில் இருந்த ஓட்டையைக் காட்டினார். செனட்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே கறையான்கள் தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருந்தன. செனட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுல மட்டும் ஒரு குதிரை காலை வெச்சிருந்தா!”

“நான் வெச்சேன், செனட்டர்,” என்றார் மிஸ் ஒகிமோட்டோ.

“நல்ல காலம். நீங்க லேசானவங்க.”

மிஸ் ஒகிமோட்டோ கரும்பலகைத் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். பெர்னடெட் மட்டும் கிளேட்டனிடம் மெதுவாகக் கேட்டார்: “லாயம் கட்டினா பள்ளிக்கூடம்?”

“மிச்சத்துல வருமாம்.”

“எதோட மிச்சத்துல?”

“பத்து மைல் வேகத்துல ஓடற குதிரை மேல யாராவது பணம் கட்டினா, அதுல வர்றதோட மிச்சத்துல.”

பெர்னடெட் பேருந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது.

இறுதிக் கட்டம் இரு சபைகளின் கூட்டுக் குழு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி கெடு. தாண்டினால் மசோதா செத்துவிடும். லாயம், திடல், வேகம் எல்லாம் ஒத்துப்போய்விட்டன. மீதி இருந்தது ஒன்றுதான்: பந்தயம் எந்தத் தேதியிலிருந்து சட்டபூர்வமாகும்? அங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்னும் பேச்சு முடியவில்லை என்று காட்டுவதற்காக மசோதாவில் நடக்கவே முடியாத ஒரு தேதியைப் போட்டு வைப்பார்கள். செனட் 3000 என்று போட்டிருந்தது. கீழ்ச்சபை 2100 என்று போட்டிருந்தது.

மூன்று மணிக்குக் கிளேட்டன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“செனட் முதல்ல நிஜமான தேதி சொல்லட்டும்,” என்றார் கீழ்ச்சபைத் தலைவர்.

“முதல்ல சொல்றவங்க பலவீனமானவங்கன்னு அர்த்தமாயிடும்,” என்றார் செனட்டர் பாச்சேகோ. “இருபத்திரண்டு வருஷத்துல நான் முதல்ல சொன்னதில்லை.”

“சரி, நாங்க விட்டுக்கொடுக்கறோம். 2200.”

“அப்ப நாங்களும் இறங்கறோம். 2900.”

இப்படி நூறு நூறு வருஷமாக இறங்கியும் ஏறியும் வந்தார்கள். கடைசியில் ஐம்பதுக்காகக் கொஞ்சம் சூடான வாக்குவாதம். மூன்று ஐம்பத்தெட்டுக்கு இரு தரப்பும் கைகுலுக்கின. 2550, ஜூலை முதல் தேதி. நடுநிலையான, நியாயமான ஆண்டு என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். லாயம் மட்டும் உடனடியாக அமலுக்கு வரும். உயிர் விஷயத்தில் காத்திருக்க முடியாது.

“தம்பி, அப்ப அதுக்கு முன்ன குதிரை வராதா?” என்று கிளேட்டன் டாரினைக் கேட்டார்.

“வரக் கூடாது, அங்கிள். வந்தா சட்ட விரோதம்.”

“லாயம்?”

“திங்கக்கிழமை கடப்பாரை வருது.”

ஒன்பது வாரத்தில் லாயம் எழும்பியது. முழுக்கக் கான்கிரீட். கறையான் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பன்னிரண்டு அறை, ஒவ்வொன்றிலும் குளிர்சாதனம், வழுக்காத ரப்பர் தரை, வடிகட்டிய குடிநீர், மருத்துவ அறை, வெயில் படாத சன்னல். பாதிரியார் ‘டி’ என்னும் செடியின் இலையால் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். சங்கு ஊதினார்கள். செனட்டர் பாச்சேகோ நாடாவை அறுத்து, “இது கல்விக்கு நாங்க கட்டின கோயில்” என்றார். சாவியைக் கிளேட்டன் கையில் கொடுத்தார்கள். பராமரிக்க வேறு ஆள் இல்லை. கூடவே நிபந்தனைத் தாள்: கட்டடம் காலியாக இருக்கக் கூடாது, காலியாக இருந்தால் ரப்பர் தரை கெட்டுப்போகும், ஒவ்வொரு அறையிலும் பகலில் உயிர்கள் இருந்ததாக மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும்.

கிளேட்டன் அதை மூன்று தடவை படித்தார். பெர்னடெட் இரண்டு தடவை படித்தார். பிறகு ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, வகுப்புக்கு இரண்டு அறை வீதம், அறுபத்தொரு பிள்ளைகளையும் உள்ளே உட்காரவைத்தார்கள்.

அறிக்கைப் படிவத்தில் எடை, பல், குளம்பு, தீனி என்று கட்டங்கள். கிளேட்டன் ஒன்றுவிடாமல் நிரப்பினார். பல் என்ற இடத்தில், ‘முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது, முளைத்துக்கொண்டிருக்கிறது’. குளம்பு என்ற இடத்தில், ‘ஒன்றில் செருப்பு இல்லை’. ஒரு மாதத்துக்குள் துறை பல் மருத்துவரை அனுப்பியது. அந்தப் பள்ளிக்கு வரும் முதல் பல் மருத்துவர். தீனிக் கணக்கில் ஆப்பிளும் காரட்டும் ஓட்ஸும் வண்டியில் வந்து இறங்கின. பாதிப் பிள்ளைகளுக்கு எடை கூடியது. தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: ‘குதிரைகள் நல்ல நிலையில் உள்ளன.’

முதல் நாள் மிஸ் ஒகிமோட்டோ பலகை முன்னால் நின்று, எழுதுவதற்கு முன் காலைத் தரையில் ஒருமுறை ஊன்றிப் பார்த்தார். இன்னொரு முறை பலமாக மிதித்தார். தரை அசையவில்லை. ஐந்து என்று எழுதினார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற கிளேட்டனைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் லொரெய்ன் போன் பண்ணினாள். “என்ன, ஜெயிச்சிட்டீங்களா?”

“தெரியலை. உட்கார்ந்திருக்கேன்.”

“சந்தோஷமா இல்லையா?”

“இருக்கணும்தான். களைப்பா இருக்கு, லொரெய்ன். பிள்ளைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? ஒரு தடவைகூட யார் காதுலயும் விழலை. குதிரைன்னு நினைச்சுக்கிட்டுக் குடுத்தாங்க.”

“குடுத்தாங்கல்ல?”

“குடுத்தாங்க.”

உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிளேட்டன் போனை வைத்துவிட்டு, குளிர்சாதனத்தின் சத்தத்தையும் மீறி வந்த அந்தப் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து பெருக்கப் போனார்.

இனி வலது கையைக் கீழே இறக்கிவிட்டுச் சொல்கிறேன்: உண்மையில் புலேனா தொடக்கப் பள்ளி அந்த வருஷம் ஜூன் மாதமே மூடப்பட்டது. அறுபத்தொரு பிள்ளைகளும் இப்போது இருட்டோடு எழுந்து பேருந்து ஏறுகிறார்கள்.